எலி சுற்றிய சக்கரம்: நம்பிக்கை மூளையில் எப்படி உருவாகிறது?

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் வசிக்கும் வாசகி ஒருவர், ஓய்வுபெற்ற தாதி, இப்படிக் கேட்டிருந்தார்: "தம்பி, காலையில் போனைத் திறந்தாலே மனசு கனத்துப் போகிறது. எங்கே பார்த்தாலும் மனிதர்கள் ஒருவரை ஒருவர் வெறுக்கிறார்கள். ஊரில் என் அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி. தேர்தல் நேரத்தில் குடும்பக் குழுவில் ஏதோ எழுதப்போய், இப்போது ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருவர் போவதில்லை. அமெரிக்காவில் இருக்கும் மகளைக் கேட்டால் அங்கேயும் இதே கதைதான் என்கிறாள். எல்லாம் ஒருநாள் சரியாகும் என்று நம்புவது, மூளை நம்மை ஏமாற்றுகிற வேலைதானா?"

இல்லை அக்கா, ஏமாற்று வேலை இல்லை. மூளைக்குள் நம்பிக்கைக்கு என்று ஒரு சுற்றுப்பாதையே இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்டுபிடிக்க கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று காத்திருப்பது ஒருவகை. "நான் ஏதாவது செய்தால் அதனால் ஏதாவது மாறும்" என்று நினைப்பது இன்னொரு வகை. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் சார்ல்ஸ் ஸ்னைடர், நம்பிக்கையில் இரண்டு பாகங்கள் உண்டு என்றார். ஒன்று, போகும் வழி தெரிவது. மற்றது, அந்த வழியில் நடக்க என்னால் முடியும் என்ற முனைப்பு. இந்தக் கட்டுரையில் நான் பேசப்போவது, 'நான் செய்தால் மாறும்' என்ற இந்த வகை நம்பிக்கையைப் பற்றி.

1967ஆம் ஆண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முதல் குழு நாய்களுக்கு மின்னதிர்ச்சி வரும். பக்கத்தில் இருக்கும் பலகையைத் தலையால் அழுத்தினால் அது நின்றுவிடும். இரண்டாவது குழுவுக்கும் அதே அதிர்ச்சி, அதே நேரம், அதே அளவு. ஆனால் பலகையை அழுத்தினாலும் பயனில்லை. முதல் குழு நாய் நிறுத்தும்போதுதான் இவற்றுக்கும் நிற்கும். மூன்றாவது குழுவுக்கு எதுவும் கிடையாது. மறுநாள் எல்லா நாய்களையும் வேறொரு பெட்டிக்குள் விட்டார்கள். நடுவில் ஒரு குட்டையான தடுப்பு. தாண்டிக் குதித்தால் அதிர்ச்சியிலிருந்து தப்பிவிடலாம். முதல் குழுவும் மூன்றாவது குழுவும் சீக்கிரமே குதிக்கக் கற்றுக்கொண்டன. இரண்டாவது குழுவில் மூன்றில் இரண்டு பங்கு நாய்கள் குதிக்கவே இல்லை. படுத்து, முனகிக்கொண்டு, வலியைத் தாங்கிக்கொண்டன.

அந்த நாய்கள் பட்ட வேதனையை நினைக்கும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தச் சோதனையைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் அது காட்டிய உண்மை பெரிது. இரண்டு குழுக்களும் பட்ட வலி ஒன்றே. வித்தியாசம், வலியை நிறுத்துவது தன் கையில் இருந்ததா இல்லையா என்பது மட்டும்தான்.

இதற்குக் 'கற்றுக்கொண்ட கையறுநிலை' என்று பெயர் வைத்தார்கள். நான் என்ன செய்தாலும் ஒன்றும் ஆகாது என்பதை அந்த விலங்கு கற்றுக்கொண்டுவிட்டது; அதனால்தான் முயல்வதை விட்டுவிட்டது என்பது விளக்கம். 1974இல் டொனால்ட் ஹிரோட்டோ என்பவர் கல்லூரி மாணவர்களுக்கு எரிச்சலூட்டும் சத்தத்தைக் கேட்க வைத்து, மனிதர்களிடமும் இதே போக்கைக் காட்டினார். அப்புறம் இந்தக் கருத்து பள்ளிக்கூடம், மனச்சோர்வு சிகிச்சை, வறுமை பற்றிய ஆய்வு என்று எல்லா இடத்துக்கும் பரவியது. உளவியல் பாடப் புத்தகங்களில் இன்றும் இருக்கிறது.

விளக்கம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் தலைகீழாக இருந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் அந்த இருவரில் ஒருவரான மேயரேதான். அவர் நரம்பியல் பக்கம் போய், கொலராடோ பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து இதே கேள்வியை விடாமல் துரத்தினார். ஒரு சிறிய பெட்டி, எலிக்கு முன்னால் ஒரு சக்கரம். அதிர்ச்சி வரும்போது ஓர் எலி முன்னங்காலால் சக்கரத்தைச் சுற்றினால் நின்றுவிடும். பக்கத்துப் பெட்டியில் இருக்கும் எலியின் முன்னாலும் சக்கரம் உண்டு, ஆனால் அது எதனோடும் இணைக்கப்படவில்லை. இரண்டு எலிக்கும் வலி ஒரே அளவு. இந்த இரண்டு மூளைகளுக்கும் உள்ளே என்ன வேறுபாடு என்பதுதான் அவருடைய கேள்வி.

மூளைத்தண்டின் நடுக்கோட்டில் ரஃபே என்றொரு நரம்பணுக் கொத்து இருக்கிறது. மிகச் சிறியது. ஆனால் அதன் இழைகள் மூளையின் பெரும்பகுதிக்கும் போகின்றன. அந்த இழைகளின் வழியே அது அனுப்புவது செரோட்டோனின். 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் அதே செரோட்டோனின்தான். அந்தப் பட்டப்பெயரை மறந்துவிடுவது நல்லது, ஏனென்றால் இங்கே அது செய்யும் வேலை வேறு. நெடுநேரம் நீடிக்கும் துன்பத்தில் ரஃபே கொதித்தெழும்போது, அந்த செரோட்டோனின் ஒரு பக்கம் அமிக்டலா என்ற, மூளையின் அச்சப் பகுதிக்குப் போய் அச்சத்தைக் கூட்டுகிறது. இன்னொரு பக்கம், 'எதிர்த்து நில், இல்லாவிட்டால் ஓடு' என்று உடலை இயக்கும் பகுதிகளுக்குப் போய் அவற்றை அமுக்குகிறது. பயம் ஏறுகிறது, கைகால் ஓடவில்லை. அந்த நாய்கள் படுத்துக் கிடந்த கோலம் இதுதான்.

சரி, கையறுநிலை என்பது கற்றுக்கொண்ட பாடமாக இருந்தால், அது எங்கிருந்து வர வேண்டும்? மேலே இருக்கும் சிந்திக்கும் மூளை, "நம் கையில் ஒன்றும் இல்லை" என்று கண்டுபிடித்து, அந்தச் செய்தியைக் கீழே ரஃபேவுக்கு அனுப்பி, அதைத் தூண்டிவிட வேண்டும். எல்லோரும் எதிர்பார்த்தது இதைத்தான். மேயர், ஹோசே அமாட் உள்ளிட்ட குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில் தெரிந்தது நேர்மாறானது. துன்பம் தொடங்கும்போது இரண்டு எலிகளிலும் ரஃபே எழுகிறது. யாரும் அதைத் தூண்டிவிட வேண்டியதில்லை; தானாகவே எழும். சக்கரம் வேலை செய்த எலியில் மட்டும், நெற்றிப் பக்கத்து முன்மூளைப் புறணியின் நடுக்கீழ்ப் பகுதியிலிருந்து ஒரு செய்தி இறங்கி வந்து அதை அடக்குகிறது. வேலை செய்யாத சக்கரத்தின் முன்னால் இருந்த எலிக்கு அந்தச் செய்தி வரவே இல்லை. அதன் மூளையில் புதிதாக எதுவும் எழுதப்படவில்லை. நடக்க வேண்டிய ஒன்று நடக்காமல் போயிற்று, அவ்வளவுதான்.

இதை அவர்கள் உறுதிப்படுத்திய விதம் இருக்கிறதே, அதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம். சக்கரம் வேலை செய்யும் எலிகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றின் முன்மூளையில் அந்தக் குறிப்பிட்ட இடத்தை மட்டும் ஒரு மருந்தால் தற்காலிகமாக மரத்துப்போகச் செய்தார்கள். எலிகள் வழக்கம்போலச் சக்கரத்தைச் சுற்றின. அதிர்ச்சியை வழக்கம்போல நிறுத்தின. செயலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பிறகு சோதித்தபோது, கட்டுப்பாடே இல்லாத எலிகளைப் போலவே ஒடுங்கிக் கிடந்தன! கட்டுப்பாடு கையில் இருந்தது, அதைப் பயன்படுத்தவும் செய்தன, ஆனால் அந்தச் செய்தி ரஃபேவுக்குப் போகாததால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. பின்னர் 2008இல் இதையே திருப்பிப் போட்டார்கள். சக்கரம் வேலை செய்யாத எலிகளில், அதே இடத்தை வேறொரு மருந்தால் தூண்டிவிட்டார்கள். உண்மையில் அந்த எலிகளின் கையில் எதுவும் இல்லை. ஆனாலும் பிறகு அவை ஒடுங்கவில்லை, தப்பிக்கக் கற்றுக்கொண்டன.

இன்னும் நுணுக்கமாகப் போனால் இன்னும் அழகு. முன்மூளையிலிருந்து ரஃபேவுக்கு வரும் இழைகள் கொண்டுவருவது குளுட்டமேட். அது தூண்டும் வகை வேதிப்பொருள், அடக்கும் வகை அல்ல. தூண்டும் பொருள் வந்து எப்படி ஒன்றை அடக்கும்? அந்த இழைகள் செரோட்டோனின் நரம்பணுக்களைத் தொடுவதைவிட அவற்றின் அருகில் இருக்கும் சிறிய காபா நரம்பணுக்களையே அதிகம் தொடுகின்றன. காபா நரம்பணுவின் தொழிலே அண்டை வீட்டை அமைதிப்படுத்துவது. முன்மூளை இவற்றைத் தட்டி எழுப்புகிறது, இவை ரஃபேவை அடக்குகின்றன. நள்ளிரவில் அழுகிற பேரனை அதட்டாமல், பக்கத்தில் தூங்கும் பாட்டியை எழுப்பிவிடுவது போல. பரிணாமம் இதை ஏன் இப்படிச் சுற்றி வளைத்து அமைத்தது என்று யோசித்துக்கொண்டே ஒரு மாலைப் பொழுதைக் கழித்துவிடலாம்.

2016இல், முதல் சோதனை நடந்து ஐம்பது ஆண்டை நெருங்கும் நேரத்தில், மேயரும் செலிக்மனும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். தங்களுக்குப் புகழ் தேடித்தந்த கோட்பாடு தலைகீழானது என்று தாங்களே அதில் எழுதினார்கள். நீண்ட துன்பத்தில் ஒடுங்குவது கற்றுக்கொண்டது இல்லை. அது பிறவியிலேயே வரும் இயல்பு. கற்றுக்கொள்ள வேண்டியது கட்டுப்பாட்டைத்தான். நம்பிக்கையின்மைக்கு முயற்சி வேண்டாம், அது தானாக வரும். நம்பிக்கைதான் பயின்று பெற வேண்டியது. தங்கள் வாழ்நாள் கோட்பாட்டைத் தாங்களே திருத்தி எழுதுகிற அந்த நேர்மையை நான் அறிவியலில் மிகவும் நேசிக்கிறேன்.

இங்கே ஆராய்ச்சிப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எலி சக்கரம் சுற்றுவதைப் பல பத்தாண்டுகள் பார்த்துக்கொண்டிருக்க ஒருவருக்கு நிதி கிடைத்ததால்தான் இது தெரிந்தது. சிங்கப்பூர் 2021 முதல் 2025 வரையிலான திட்டத்தில் ஆராய்ச்சிக்கும் புத்தாக்கத்துக்கும் சுமார் 25 பில்லியன் வெள்ளி ஒதுக்கியது. சின்ன நாட்டுக்கு அது பெருமைக்குரிய தொகை. ஆனால் "இதனால் எந்தத் தொழில் வளரும்?" என்ற கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியாத ஆய்வுகளுக்கும், மனிதர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று நிதானமாகப் பார்க்கும் ஆய்வுகளுக்கும் அதில் இன்னும் பெரிய பங்கு வேண்டும் என்பது என் கருத்து. பல இனங்கள் நெருக்கியடித்து வாழும் தீவில் அது ஆடம்பரம் ஆகாது.

மறுபடி எலிக்கு வருவோம், ஏனென்றால் அக்காவின் கேள்விக்கு மிக நெருக்கமான பகுதி இனிமேல்தான். ஒருமுறை சக்கரத்தைச் சுற்றி வலியை நிறுத்திய எலியைப் பிறகு தப்பவே முடியாத அதிர்ச்சிக்கு உட்படுத்தினார்கள். அது ஒடுங்கவில்லை. முன்பு எதைக் கற்றதோ அது அந்தப் பாதையிலேயே பதிந்திருந்தது. முன்மூளையின் அந்த இடத்தில் புதிய புரதங்கள் உருவாவதைத் தடுத்தால் இந்தப் பாதுகாப்பு உண்டாவதில்லை. ஆக, அது உண்மையிலேயே ஒரு நினைவு. அது பதிந்த பிறகு, கட்டுப்படுத்த முடியாத துன்பம் வந்தால்கூட முன்மூளை எழுந்து ரஃபேவை அடக்குகிறது. 2010இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. சக்கரம் சுற்றிய அனுபவம் உள்ள எலிகளைப் பிறகு ஒரு முரட்டு எலியின் இடத்துக்குள் விட்டார்கள். தோற்று அவமானப்படுவது உறுதி. அதிர்ச்சிக்கும் இந்தத் தோல்விக்கும் சம்பந்தமே இல்லை. இருந்தும் அந்தப் பாதுகாப்பு இங்கேயும் கைகொடுத்தது. ஓரிடத்தில் கற்ற கட்டுப்பாடு, வேறோர் இடத்தில், வேறொரு வகைத் துன்பத்தில், இன்னோர் உயிர் தரும் துன்பத்தில்கூடத் துணைக்கு வருகிறது.

எலி வேறு, மனிதர் வேறு. மின்னதிர்ச்சி வேறு, அரசியல் வெறுப்பு வேறு. இனி நான் சொல்வதில் ஒரு பகுதி என் ஊகம், அதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் காலையில் எழுந்ததும் ஒருவர் போனில் என்ன பார்க்கிறார் என்று யோசியுங்கள். எங்கோ ஒரு கலவரம். எங்கோ ஒரு தலைவரின் நஞ்சுப் பேச்சு. ஒரு சமூகத்தை இழிவுபடுத்தும் காணொளி. இவை வருவதும் நிற்பதும் நம் செயலைப் பொறுத்தது அல்ல. எம்ஆர்டி ரயிலில் உட்லண்ட்ஸிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் போய்ச் சேரும் முன் இப்படி நூறு பார்த்துவிடலாம். வேலை செய்யாத சக்கரத்தின் முன்னால் இருக்கும் எலியின் நிலைக்கு இது மிக அருகில் இருக்கிறது. சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது கொஞ்சம் கூடுதல். இங்குள்ள செய்தி, தமிழ்நாட்டுச் செய்தி, இலங்கைச் செய்தி, பிள்ளைகள் இருக்கும் நாட்டுச் செய்தி எல்லாவற்றையும் சுமக்கிறோம். ஆனால் அதில் பெரும்பாலான இடங்களில் நமக்கு ஓட்டுகூடக் கிடையாது.

நம் போனிலும் ஒரு சக்கரம் இருப்பதுதான் இதில் ஆபத்தான இடம். ஆத்திரமூட்டும் செய்தி வந்ததும் அதை இன்னும் ஐந்து குழுவுக்கு அனுப்புகிறோம். ஏதோ செய்துவிட்டோம் என்ற நிறைவு வருகிறது. அந்தச் சக்கரம் எதனோடும் இணைக்கப்படவில்லை. வலி எதுவும் நிற்பதில்லை. பதிலாக அடுத்தவருக்குப் போய்ச் சேர்கிறது. டுவிட்டர் பதிவுகளை ஆராய்ந்த வில்லியம் பிரேடி குழுவினர் 2017இல் கண்டது: அறமும் உணர்ச்சியும் கலந்த ஒவ்வொரு கூடுதல் சொல்லுக்கும் ஒரு பதிவு பகிரப்படுவது ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுகிறது. 2016 அமெரிக்கத் தேர்தலின்போது டுவிட்டரில் பகிரப்பட்ட பொய்ச் செய்திகளைப் பற்றிய இன்னோர் ஆய்வு, அவற்றில் சுமார் 80 விழுக்காட்டைப் பகிர்ந்தவர்கள் ஆராயப்பட்ட பயனாளர்களில் வெறும் 0.1 விழுக்காட்டினர் என்று காட்டியது. நம்மை மூச்சுத்திணறச் செய்யும் வெறுப்பின் பெரும்பகுதியும் இப்படி ஒரு கைப்பிடி ஆட்களிடமிருந்து வரக்கூடும்.

மற்ற பக்கத்தார் நம்மை எவ்வளவு வெறுக்கிறார்கள் என்று நாம் போடும் கணக்கும் தப்பு. அமெரிக்காவில் இரண்டு கட்சிக்காரர்களிடமும் நடந்த ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. எதிர்த்தரப்பு தங்களை எவ்வளவு வெறுக்கிறது என்று ஒவ்வொரு தரப்பும் நினைத்ததோ, அது உண்மை அளவைப்போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் இருந்தது. இதையொட்டிய இன்னோர் ஆய்வு 26 நாடுகளில் நடந்து 2021இல் வெளிவந்தது. அங்கேயும் எதிர்த்தரப்பின் எண்ணத்தை மனிதர்கள் உள்ளதைவிட மோசமாகவே ஊகிக்கிறார்கள் என்று தெரிந்தது. உண்மை நிலவரத்தைச் சொன்னதும், எதிர்த்தரப்பின் நோக்கத்தைப் பற்றிய கசப்பும் குறைந்தது. இதைப் படித்தபோது நான் அக்காவின் அண்ணனையும் தம்பியையும்தான் நினைத்தேன். அண்ணன் தன்னை எவ்வளவு வெறுக்கிறார் என்று தம்பியின் மனசில் ஒரு கணக்கு இருக்கும். அது அநேகமாக இரட்டைக் கணக்கு. இருவரிடமும் பேசக்கூடியவர் அக்கா ஒருவர்தான். "உன்னைப் பற்றிக் கேட்டான்" என்று உண்மையாகவே சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்தால், அதைச் சொல்லிவிடுங்கள் அக்கா. கட்சியைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

கட்டுப்பாடு இல்லை என்ற உணர்வு இன்னொரு கதவையும் திறக்கிறது. 2008இல் ஜெனிஃபர் விட்சன், ஆடம் கலின்ஸ்கி இருவரும், கட்டுப்பாட்டை இழந்ததாக உணரவைக்கப்பட்டவர்கள் வெறும் புள்ளிக் குவியலில்கூட உருவங்களைக் காண்கிறார்கள், சதிகளையும் மூடநம்பிக்கைகளையும் எளிதில் நம்புகிறார்கள் என்று எழுதினார்கள். பிறகு வந்த மறுசோதனைகள் எல்லாம் இதை ஒரே மாதிரி உறுதிசெய்யவில்லை, ஆகவே இதை எச்சரிக்கையோடுதான் சொல்கிறேன். ஆனால் நாட்டு நிலவரம் குழம்பும்போதெல்லாம் சோதிடர்களின் அரசியல் கணிப்புகளுக்குக் கூட்டம் கூடுவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். இப்போது அதற்கு நவீன உடை ஒன்றும் வந்திருக்கிறது: "பிரபஞ்சத்திடம் கேளுங்கள், கிடைக்கும்" என்று நூற்றுக்கணக்கான வெள்ளி வாங்கிக்கொண்டு நடத்தும் பயிலரங்குகள். எனக்கு இவற்றின் மேல் கடும் கோபம் உண்டு. நல்ல முடிவைக் கண்ணுக்குள் ஓட்டிப் பார்ப்பது மட்டும் போதும் என்ற கருத்தை காப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் சோதித்தார். 1991இல் வந்த அவருடைய ஆய்வில், எடைகுறைப்புத் திட்டத்தில் சேர்ந்த பெண்களில் இனிமையான கற்பனைகளை அதிகம் வளர்த்தவர்களே குறைவாக எடை இழந்தார்கள். கற்பனையோடு வழியிலுள்ள தடையையும் சேர்த்து யோசிப்பவர்களுக்குத்தான் காரியம் நடக்கிறது என்று பின்னர் காட்டினார். முன்மூளைக்குப் பிரபஞ்சத்தின் உறுதிமொழி தேவையில்லை. நான் சுற்றினேன், நின்றது. இந்தத் தொடர்பு தேவை.

இந்த ஊரின் வரலாற்றை இந்தக் கண்ணோடு பார்க்க எனக்குப் பிடிக்கும். 1964 ஜூலை 21, நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் மூண்ட கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் மூண்டது. 13 பேர் இறந்தார்கள். ஊரடங்கு, வதந்தி, பூட்டிய கதவுகள். யார் எப்போது எங்கே தாக்குவார்கள் என்று தெரியாத நிலை. கட்டுப்பாடற்ற துன்பத்துக்கு இதைவிடச் சரியான வடிவம் இருக்க முடியாது. அப்போது வட்டாரந்தோறும் நல்லெண்ணக் குழுக்கள் அமைக்கப்பட்டன. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று எல்லாச் சமூகத்துப் பெரியவர்களும் அதில் இருந்தார்கள். மக்களைச் சந்தித்து, வதந்தியைத் தணித்து, பயத்தைப் போக்கப் பாடுபட்டார்கள். மொத்தக் கலவரத்தையும் நிறுத்தும் சக்தி ஒரு தனிமனிதருக்குக் கிடையாது. ஆனால் தன் தெருவில் ஓடும் ஒரு வதந்தியை நிறுத்த முடியும். அந்தப் பெரியவர்களுக்கும் அவர்களைப் பார்த்த அண்டை வீட்டாருக்கும் அது உண்மையிலேயே இணைக்கப்பட்ட ஒரு சக்கரமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பிறகு 1989இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளுக்கு இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வொரு பேட்டையிலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று உச்சவரம்பு. இன்று இந்தியருக்கும் மற்றவருக்கும் அது பேட்டையில் 12, புளோக்கில் 15 விழுக்காடு. சும்மா அருகருகே வைத்தால் மனம் மாறிவிடுமா? 515 ஆய்வுகளைத் தொகுத்து தாமஸ் பெட்டிகுரூ, லிண்டா டிராப் இருவரும் 2006இல் தந்த பதில்: இனங்களுக்கு இடையே தொடர்பு இருந்தால் பொதுவாக வெறுப்பு குறைகிறது, சமமான நிலையில், ஒரே நோக்கத்துக்காகச் சேர்ந்து வேலை செய்தால் இன்னும் அதிகமாகக் குறைகிறது. மின்தூக்கியில் தலையசைத்துக்கொள்வது ஒரு தொடக்கம். சேர்ந்து ஒரு காரியம் செய்வது வேறு.

இந்தக் கொள்கைக்கு ஒரு விலை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். சிறுபான்மையினர் வீட்டை விற்கப் போகும்போது வாங்குவோர் வட்டம் சுருங்கிவிடுகிறது, விலையும் குறைகிறது. அப்படிச் சிக்கிக்கொண்டவர்களிடமிருந்து வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை 2022இல்தான் அறிவித்தார்கள். நல்லிணக்கத்தின் செலவு எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. அதைப் பேசுவதும் நல்லிணக்கத்தின் ஒரு பகுதிதான். ஒருவருக்கு நம்பிக்கை குன்றியிருக்கிறது என்றால், "மனசைத் திடப்படுத்திக்கொள்" என்று அவரிடம் சொல்வதற்கு முன்னால் அவருடைய சக்கரம் எதனோடாவது இணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒடுங்கிய நாய்களிடம் எந்தக் குறையும் இல்லை. பெட்டியை அமைத்தவர்கள்தான் இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். நாட்டின் அதிகாரம் கையில் இருப்பவர்களுக்கு இந்த ஆய்வு சொல்லும் செய்தி அதுதான் என்று நினைக்கிறேன்: மனு கொடுத்தால் பதில் வர வேண்டும், புகார் செய்தால் ஏதாவது நடக்க வேண்டும், ஓட்டுப் போட்டால் அதற்கு எடை இருக்க வேண்டும். அப்படிப்பட்ட இடங்களில் குடிமக்களின் முன்மூளைக்குக் கற்றுக்கொள்ள ஏதாவது கிடைக்கிறது.

அப்படியானால் அக்காவைப் போன்ற ஒருவர் என்ன செய்யலாம்? சக்கரத்தைச் சுற்றினால் உண்மையிலேயே எதுவாவது நிற்க வேண்டும், அல்லது தொடங்க வேண்டும். கண்ணால் பார்க்கும் தூரத்தில் அது நடக்க வேண்டும். இவை இரண்டும்தான் நிபந்தனை. புளோக்கில் தனியாக இருக்கும் ஒரு சீன மூதாட்டியை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப்போவது இதில் சேரும். தாதியாக இருந்தவருக்கு அது கைவந்த வேலை. வசிப்போர் குழுவில் சேர்ந்து கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்கு வாசிப்பு நேரம் நடத்துவதும் சேரும். குடும்பக் குழுவில் வரும் ஒரு பொய்ச் செய்தியை, அனுப்பியவரை அவமானப்படுத்தாமல், தனியாக அழைத்துத் திருத்துவதும் சேரும். தொலைதூர நாட்டின் பிரதமர் என்ன பேசினார் என்று மணிக்கு ஒருமுறை பார்ப்பது இதில் சேராது. செய்தியே பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. குடிமகனுக்குச் செய்தி தேவை. ஆனால் 2010 எலிகள் காட்டியதுபோல, ஓரிடத்தில் கற்ற கட்டுப்பாடு இன்னோர் இடத்தில் காக்கும் என்பது மனிதருக்கும் பொருந்துமானால், புளோக்கில் செய்த வேலை இரவுச் செய்தி பார்க்கும்போதும் துணைக்கு இருக்கும்.

சின்ன வேலை போதுமா என்று பலர் கேட்பார்கள். மேயரின் ஆய்வுக்கூடத்தில் பின்பற்றிய ஒரு நடைமுறையை இங்கே சொல்கிறேன். ஆய்வுக் கட்டுரைகளில் பொடி எழுத்தில் வரும் செய்முறைப் பகுதியில்தான் அது இருக்கும், பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுவார்கள். தொடக்கத்தில் எலி சக்கரத்தைக் கால் சுற்று சுற்றினாலே அதிர்ச்சி நின்றுவிடும்படி வைத்திருப்பார்கள். அது விரைவாகச் சுற்றப் பழகியதும் தேவையைக் கொஞ்சம் கூட்டுவார்கள். இன்னும் பழகியதும் இன்னும் கொஞ்சம். நான்கு முழுச் சுற்று வரை போகும். முதல் நொடியிலேயே நான்கு சுற்றைக் கேட்டிருந்தால் பல எலிகள் முயல்வதை விட்டிருக்கும், ஆய்வாளர்களுக்கும் கண்டுபிடிக்க எதுவும் கிடைத்திருக்காது. அக்கா, அந்த மூதாட்டியின் வீட்டுக் கதவைத் தட்டுவதைக் கால் சுற்று என்று வைத்துக்கொண்டு இந்த வாரமே தொடங்குங்கள். குழந்தைகளின் வாசிப்பு நேரம் அடுத்த மாதம் வரட்டும்.